வீட்டுல யாரும் சொல்லலையா

இடது கன்னம் அவளுடையது இல்லை என்று ஆகிவிட்டது. ஊசி போட்ட இடத்தில் முதலில் சுருக்கென்று ஒரு கடுப்பு, பிறகு உதட்டோரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு, பிறகு அதுவும் போய், கன்னம் இருந்த இடத்தில் யாரோ ஈரத் தலையணையைத் தைத்து வைத்தது போலக் கனத்தது. மங்கையர்க்கரசி நாக்கைத் திருப்பிக் கன்னத்தை உள்ளிருந்து தொட்டுப் பார்த்தாள். நாக்கும் பாதிதான் உணர்ந்தது. சாய்ந்த நாற்காலியில் கால் உயர்ந்து தலை தாழ்ந்து கிடக்க, மேலே விளக்கு அணைந்திருந்தது. அதன் கண்ணாடியில் அவள் முகம் சின்னதாக, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தெரிந்தது. "கொஞ்சம் மரத்துப் போகட்டும்மா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் நஸ்ரின் பக்கத்து அறைக்குப் போயிருந்தாள். சின்னப் பெண், இவளிடம் கணக்குப் படித்துவிட்டுப் போன பெண்களின் வயதுதான் இருக்கும். போகிறபோது கையுறையைக் கழற்றிக்கொண்டே, ஊரில் மழை பெய்கிறதா என்று கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள். "இது இன்னிக்கு நேத்து வந்ததில்லம்மா. ஈறுக்கு அடியில கல்லு கல்லா படிஞ்சிருக்கு. பத்துப் பதினஞ்சு வருஷமாவே வாய் நாத்தம் இருந்திருக்குமே. வீட்டுல யாரும் சொல்லலையா?" இல்லையே என்று சொல்லி மங்கையர்க்கரசி சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. சிரிப்பும் பாதி வாயில்தான் வந்திருக்க வேண்டும்.

வீட்டுல யாரும். வீட்டில் யார் இருந்தார்கள்? புருஷன் ஞானசேகரன் இருந்தார், பையன் இளமாறன் இருந்தான், அவன் இப்போது ஓசூரில். மாமியார் இருந்து போய்விட்டாள், அவளுக்குக் கடைசிக் காலத்தில் எந்த வாசனையும் தெரியாது. ஆக இரண்டு பேர். ஒருத்தர் இதோ வெளியே வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் அவளுடைய கைப்பை, கையில் போன். வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தார், இறங்கும்போது புடவைத் தலைப்பு சக்கரத்தில் மாட்டாமல் எடுத்துவிட்டார், நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும். பல் தேய்க்கும்போது ரத்தம் வரும், அது எத்தனையோ வருஷமாக வருகிறது, குழாயைத் திறந்துவிட்டால் போய்விடும். அதை யாரும் வியாதி என்று நினைப்பார்களா? பிரஷ் கெட்டி, மாற்றணும் என்று நினைத்தாள். கீழ்வரிசையில் முன்பல் ஆடத் தொடங்கிய பிறகுதான், அதுவும் கொய்யாப்பழம் கடித்தபோது பழத்திலேயே சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்த பிறகுதான், பயந்து போய் இங்கே வந்தாள். ரத்தம் தெரிந்தது, ஆடுகிற பல் தெரிந்தது. வாடை எப்படித் தெரியும்? கையைக் குவித்து அதில் ஊதி மோந்து பார்த்தாள், இப்போது, நாற்காலியில் படுத்தபடியே. சோப்பும் ஊசிமருந்தும்தான் வந்தன. தன் வாய் தன் மூக்குக்குக் கீழேயே இருக்கிறது, இத்தனை வருஷமாக அங்கேயேதான் இருந்தது, ஆனால் அதைப் பற்றிச் சேதி சொல்ல இன்னொருத்தர் வேண்டும். அந்த இன்னொருத்தர் முதுகுவலி என்றார். மெத்தை ஒத்துக்கொள்ளவில்லை, தரையில் படுத்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார் என்று ஒரு மாசி மாதத்தில் பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். அவள் வெந்நீர்ப் பை வாங்கி வந்தாள். தைலம் தேய்த்துவிட்டாள், குனிந்து, அவர் முதுகுக்கு மேலே மூச்சு விட்டுக்கொண்டு. அவர் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு "போதும் அரசி, போதும்" என்றார். அவள் கை வலிக்குமே என்கிற அக்கறையில் சொல்கிறார் என்று நினைத்தாள். ஐயோ, அந்தத் தைலம். எத்தனை நாள் தேய்த்தாள்.

இளமாறன் ஒருமுறை சொன்னானே. அப்போது அவன் ஒன்றாம் வகுப்பு. வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள், அவன் முகத்தைத் திருப்பித் திருப்பிக்கொண்டு கடைசியில், "அம்மா, உன் வாய் நாறுதும்மா" என்றான். அடுத்த நொடி பளார் என்று விழுந்தது ஒரு அறை. ஞானசேகரன் அடித்தே பார்த்ததில்லை அவள், குழந்தையின் கன்னத்தில் விரல் பதிந்துவிட்டது. "பெத்தவகிட்ட பேசுற பேச்சாடா இது?" என்று கத்தினார். அவளிடம் திரும்பி, "மத்தியானம் வெங்காயப் பச்சடி தின்னேல்ல, அதைச் சொல்றான், விடு" என்றார். அன்றைக்கு அவளுக்குக் குழந்தைக்காகக் கண்ணில் நீர் வந்தது, ஆனால் உள்ளே எங்கேயோ இனித்தது. தனக்காக ஒருத்தர் கை ஓங்குகிறார் என்று. மாமியார் அவளைச் சீர்வரிசை விஷயத்தில் குத்திக்காட்டியபோதெல்லாம் வாய் திறக்காத மனிதர், தனக்காகப் பிள்ளையை அடித்தாரே என்று. பல நாள் அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். அவர் அடித்தது பிள்ளை பொய் சொன்னதற்காக அல்ல. உண்மையைச் சொன்னதற்காக. அதற்குப் பிறகு அவன் எதுவும் சொல்லவில்லை, அவள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவும் இல்லை, அப்பாவிடம் போய் உட்கார்ந்துகொண்டான், கணக்கு டீச்சர் பிள்ளை கணக்கை மின்வாரியத்தில் கணக்கராக இருக்கிற அப்பாவிடம் கற்றுக்கொண்டது.

"மரத்துப் போச்சாம்மா?" டாக்டர் வந்து உட்கார்ந்தாள், விளக்கு எரிந்தது, முகத்துக்கு மேல் வெள்ளையாக ஒரு வெயில். உதவிக்கு இருந்த அம்மாள் உதட்டோரத்தில் உறிஞ்சுகுழாயை மாட்டிவிட்டாள். "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, பேச வேணாம்" என்றாள் டாக்டர். கீ என்று ஒரு சத்தம், காதில் கேட்கவில்லை அது, மண்டை எலும்புக்குள் கேட்டது. தண்ணீர் பீய்ச்சியது, தொண்டைக்குள் போய்விடும் என்று பயந்தாள், குழாய் உறிஞ்சிக்கொண்டது. வலி இல்லை. அழுத்தம் மட்டும், தள்ளுகிறார்கள், சுரண்டுகிறார்கள், பக்கத்து வீட்டில் சுவர் இடிக்கிற மாதிரி. முகமூடிக்கு மேலே டாக்டரின் கண்கள் பக்கத்தில், மிகப் பக்கத்தில் இருந்தன. இத்தனை பக்கத்தில் ஒரு முகம் தன் வாய்க்கு அருகே வந்து எத்தனை காலம் ஆயிற்று. அதுவும் முகமூடி போட்டுக்கொண்டு. வாய் பொத்திக்கொண்டு. வாய் பொத்தி, வாய் பொத்தி, என்று அந்தச் சொல் அங்கேயே சிக்கிக்கொண்டு சுற்றியது. அவள் வகுப்புப் பிள்ளைகள் நோட்டைக் கொண்டு வந்து மேஜையில் வைத்துவிட்டு வாய் பொத்தி நிற்கும். மற்ற டீச்சர்கள் கண் வைப்பார்கள், "உங்க கிளாஸ்ல மட்டும் எப்படி மிஸ் இவ்வளவு மரியாதை" என்பார்கள். அவள் பெருமையாக, "கண்டிப்பு வேணும், அதே சமயம் பாசமும் வேணும்" என்பாள். ஆசிரியர் தின விழாவில் மேடையேறிக்கூட அதைச் சொன்னாள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பணிவு தெரியாது என்கிறார்கள், என் வகுப்புக்கு வந்து பாருங்கள், கைகட்டி வாய் பொத்தி நிற்கும் என்று. கீழே பிள்ளைகள் சிரித்தார்கள். கொல்லென்று ஒரு சிரிப்பு. தன் பேச்சு ரசிக்கும்படி இருக்கிறது என்று நினைத்து அவளும் சிரித்தாளே, மைக்குக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு. எத்தனை வகுப்புகள், எத்தனை பெண்கள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்று எங்கெங்கோ இருப்பார்கள், பழைய கதை பேசும்போது கணக்கு மிஸ் என்றால் முதலில் எது ஞாபகம் வரும் அவர்களுக்கு? பித்தாகரஸ் தேற்றமா?

கீ நின்றது. இப்போது கையால் சுரண்டல், கொக்கி மாதிரி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, வேர் வரைக்கும் போய் இழுத்தாள் டாக்டர். கரக், கரக். தேங்காய்ச் சிரட்டையின் அடியை வழிக்கிற சத்தம். ஒவ்வொரு இழுப்புக்கும் அந்தக் கொக்கியை வெள்ளைத் துணியில் துடைத்தாள், துணி சிவந்துகொண்டே போனது. அந்தத் துணி ரெஜினா கரும்பலகை துடைக்கிற துணி மாதிரி இருந்தது, இல்லை, அது நீலம். ரெஜினா. இந்தப் பெயரை நினைக்கக் கூடாது என்று ஊசி போட்டதிலிருந்தே விலக்கி விலக்கி வைத்துக்கொண்டிருந்தாள், அது இந்த ஓரமாக வந்துவிட்டது. உயிரியல் எடுத்தவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள், தம்பிகளைப் படிக்க வைத்தவள், மதிய சாப்பாட்டில் இவளுக்கென்று தனியாக மீன் குழம்பு எடுத்து வந்து, "நீ சைவம்னு தெரியும், வாசனையாவது பிடி" என்று கேலி பண்ணுகிறவள். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார்கள். அந்த ஒருத்திதான் சொன்னாள். ஆசிரியர் அறையில் வேறு யாரும் பக்கத்தில் இல்லாதபோது, கையைப் பிடித்துக்கொண்டு, "அரசி, கோவிச்சுக்காதே. உன் ஈறுல ஏதோ பிரச்சினை இருக்குப்பா. வாடை வருது. இது வைத்தியம் பண்ணினா போயிடும், நான் வேணா கூட வர்றேன், டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்றாள். கூட வர்றேன் என்றாள். ஆனால் அதற்கு முந்தின வாரம்தானே மங்கையர்க்கரசி அதைப் பார்த்தாள். பள்ளிக்கூட வாசலில், வேப்பமரத்தடியில், தன்னைக் கூட்டிப்போக வந்த ஞானசேகரனும் ரெஜினாவும் தணிந்த குரலில் பேசிக்கொண்டு நின்றார்கள். அவர் தலை குனிந்திருந்தார். ரெஜினா அவர் முழங்கையைத் தொட்டு ஏதோ சொன்னாள். இவள் வருவதைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஹாலில் பாய், தொட்டால் விலகுகிற தோள், எதற்கெடுத்தாலும் முதுகுவலி, இதோ முழங்கையைத் தொடுகிற கை. கணக்கு டீச்சருக்கு அதைக் கூட்டிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? அப்படிப்பட்டவள் வந்து உன் வாய் நாறுகிறது என்கிறாள். உடம்பெல்லாம் தீப்பிடித்தது. மணி அடித்து மற்றவர்கள் உள்ளே வருகிற நேரம், எல்லோர் காதிலும் விழும்படி, "என் வாயை நீ மோந்து பாக்க வேணாம்டி, என் வீட்டுக்காரரை மோந்து பாத்த வரைக்கும் போதும்" என்றாள்.

கரக். "ஆ" என்று சத்தம் வந்தது, தானாகவே கை மேலே போனது. மரத்துப் போகாத இடம் ஒன்றில் கொக்கி இறங்கிவிட்டது, வலி காது வரைக்கும் மின்னலாகப் போய் அங்கேயே நின்றது. "சாரிம்மா, சாரி, இன்னொரு ஊசி போட்டுடறேன்" என்றாள் டாக்டர். கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. "ரொம்ப வலிக்குதோ பாவம்" என்று அந்த அம்மாள் பஞ்சால் துடைத்துவிட்டாள். வலிக்கு அழுகிறாள் என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும். ரெஜினா அன்றைக்கு முகம் வெளிறிப்போய், திருத்தின தாள்களை அடுக்கி ரப்பர் போட்டு, எழுந்து வகுப்புக்குப் போனாள். பேச்சு ஆசிரியர் அறையிலிருந்து அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து தலைமை சிஸ்டர் அறைக்குப் போயிற்று, அரைப் பரீட்சை முடிவதற்குள் அவளை அதே நிர்வாகத்தின் வேறு ஊர்ப் பள்ளிக்கு மாற்றினார்கள். யாரும் எதையும் விசாரிக்கவில்லை, கல்யாணமாகாமல் இருக்கிற பெண்ணைப் பற்றி ஒரு பேச்சு வந்தால் பிறகு விசாரிக்க என்ன இருக்கிறது. அந்தச் சண்டை நடந்த அன்று மாலையே வீட்டில் மங்கையர்க்கரசி ஞானசேகரனைக் கேட்டாள். "உங்களுக்கும் அவளுக்கும் என்ன?" செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், வைத்ததையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒண்ணும் இல்லை" என்று ஒரு குரல், அது குரலே இல்லை. அந்தக் குரலை அவள் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டாள். ஒரு வாரம் அழுதாள், பிறகு மன்னித்தாள். ஆமாம், மன்னித்தாள். வாய்விட்டே சொன்னாள், "நான் மன்னிச்சிட்டேன், இனிமே அதைப் பத்திப் பேச வேணாம்" என்று. அவர் தலையசைத்தார். அந்த மன்னிப்பை எத்தனை வருஷமாக நகை மாதிரிப் போட்டுக்கொண்டு திரிகிறாள். தான் பெரிய மனசுக்காரி, துரோகம் பண்ணின புருஷனையும் வைத்துக் குடும்பம் நடத்துகிறவள் என்று, கோயிலில் நிற்கும்போதுகூட அம்மனுக்கு அது தெரியும் என்கிற நிமிர்வோடு நின்றாள். சண்டை வந்தால் அதை ஒரு பார்வையால் எடுத்துக் காட்டுவாள், அவர் அடங்கிவிடுவார். குற்றமே பண்ணாத ஆள் ஏன் அடங்க வேண்டும்? பண்ணவில்லை என்று ஏன் அடித்துச் சொல்லவில்லை? சொன்னால் பிறகு ஏன் விலகுகிறீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்காகவா. ஒரு கேள்விக்குப் பயந்தா ஒருத்தியை ஊரைவிட்டு அனுப்பினார்.

"முடிஞ்சிடுச்சும்மா, இடது பக்கம் முழுக்க முடிஞ்சிடுச்சு." நாற்காலி மெல்ல நிமிர்ந்தது, ரத்தம் தலையிலிருந்து இறங்க, அறை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. கொப்பளித்தபோது தண்ணீர் செயலிழந்த உதட்டோரமாக வழிந்து மோவாயில் சொட்டியது, அவளால் அதைப் பிடிக்க முடியவில்லை. டாக்டர் தட்டைக் காட்டினாள். சிவந்த துணியில் கறுப்பும் பழுப்புமாக, உடைத்த மிளகு மாதிரி. "பாருங்க, இதெல்லாம் ஈறுக்கு அடியில இருந்தது. இனிமே ஈறு இறுகும். வாடையும் போயிடும். ஒரு பத்து வருஷம் முன்னாடியே வந்திருந்தா அந்த முன்பல்லைக்கூடக் காப்பாத்தியிருக்கலாம்" என்றாள். மங்கையர்க்கரசி தலையை ஆட்டினாள்.

வெளியே ஞானசேகரன் எழுந்து நின்றார். "வலிக்குதா?" என்றார். வரவேற்பறையில் மப்ளர் கட்டிய ஒரு கிழவரும், மேஜைக்குப் பின்னால் பதிவு எழுதுகிற பெண்ணும் மட்டும் இருந்தார்கள். மங்கையர்க்கரசி உட்கார்ந்தாள். கேட்டாள். வார்த்தை குழறியது.

"என்ன சொல்றே? புரியல."

வகுப்பில் கடைசி பெஞ்சுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி மறுபடி கேட்டாள். "ஸ்கூல் வாசல்ல அன்னிக்கு ரெஜினாகிட்ட என்ன பேசிட்டிருந்தீங்க?"

அவர் முகம் மாறியது. "இப்ப எதுக்கு அதெல்லாம்? வா, வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"இங்கயே சொல்லுங்க."

அவர் கிழவரைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். கார்க் கண்ணாடி துடைக்கிற மாதிரி வண்டிச் சாவியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றார்.

"என்னன்னு?"

"அந்த வாய் விஷயத்தை. என்னால சொல்ல முடியல அரசி. எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்து நின்னுடுச்சு. நீ உடைஞ்சு போயிடுவே. ரெஜினான்னா உனக்குச் சிநேகிதி, பக்குவமா சொல்லுவான்னு அவளைக் கெஞ்சினேன். அவ மொதல்ல மாட்டேன்னா. நீங்க புருஷன், நீங்க சொல்றதுதான் முறைன்னா. நான்தான் கையெடுத்துக் கும்பிட்டேன்."

மங்கையர்க்கரசி அவரையே பார்த்தாள். "அப்புறம் நான் கேட்டப்போ?"

"நீ அவ்வளவு ஆத்திரத்துல இருந்தே. அப்ப போயி அவ சொன்னது நிஜம், சொல்லச் சொன்னதே நான்தான்னு சொன்னா..." நிறுத்தினார். "அப்புறம் நீயே மன்னிச்சிட்டேன்னுட்டே. சரி, இதோட போகட்டும்னு இருந்துட்டேன்."

"அவ என்னைப் பத்தி ஒரு வார்த்தை வெளியில சொல்லல. உங்களைப் பத்தியும் சொல்லல."

"சொல்லல" என்றார். சாவியைப் பார்த்துக்கொண்டே, "அவ ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தி போய்ப் பாத்தேன். மன்னிப்புக் கேட்டேன்" என்றார்.

"என்ன சொன்னா?"

"திட்டுவான்னு நெனச்சுத்தான் போனேன். திட்டல. சாமான் கட்டிட்டிருந்தா. அரசியை டாக்டர்கிட்ட காட்டினீங்களான்னு மட்டும் கேட்டா."

"நீங்க?"

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டார், திரும்ப எடுத்தார். "காட்டியாச்சுன்னு சொன்னேன். சரியாயிடுச்சுன்னேன்." பிறகு, அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தோ என்னவோ, "ரொம்ப சந்தோஷப்பட்டா" என்றார்.

மேஜைக்குப் பின்னாலிருந்த பெண், "மேடம், வலது பக்கத்துக்கு அடுத்த வாரம் வரணும். சாரும் கூட வருவாங்களா?" என்றாள். மங்கையர்க்கரசி இல்லை என்று சொன்னாள். அது எப்படி வந்து விழுந்ததோ, அந்தப் பெண் "என்னங்க?" என்றாள். மங்கையர்க்கரசி கையை ஆட்டிக் காட்டிவிட்டு, அவர் மடியிலிருந்த தன் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

தெருவில் நல்ல வெயில். பின்னால் அவர், "அரசி, நில்லு, வண்டி இந்தப் பக்கம்" என்றார். அவள் கை காட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டாள். எங்கே என்று ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். அவளுக்குச் சட்டென்று எதுவும் தோன்றவில்லை. அம்மா வீடு என்று ஒன்று இப்போது இல்லை, பிள்ளை ஓசூரில், அவனைக் கூப்பிட்டு என்ன சொல்வது. ரெஜினா எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. போனாலும் அவளிடம் எந்த வாயால் பேசுவது. இத்தனை வருஷத்தில் போய் உட்காரக்கூடிய ஒரு வீட்டை அவள் இந்த ஊரில் மிச்சம் வைக்கவில்லை. ஓட்டுநர் காத்திருந்தார். "உறையூர்" என்றாள், வீடு இருக்கிற இடத்தையே. அவருக்குப் புரியவில்லை, காதை அவள் பக்கம் சாய்த்து, "எங்கம்மா?" என்றார். அவள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி உறையூர் என்று சொன்னாள். ஆட்டோ நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவருடைய வண்டி பின்னாலேயே வருகிற சத்தம் கேட்டது.